மதமும் அரசும்: மனிதநேயப் பார்வையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு கடவுள் உண்டா இல்லையா என்பதில் போய் முடிவது நம் வழக்கம். அந்தக் கேள்வியை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு குடிமகளின் உரிமையை அரசோ நீதிமன்றமோ தீர்மானிக்கும்போது, அவருடைய மத நூலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது சரியா? கூட்டங்களிலும் வகுப்பறைகளிலும் என்னிடம் கேட்கப்பட்ட பல கேள்விகள் இதைச் சுற்றியே இருந்தன. பெரும்பாலும் இந்தியச் சட்டத்தையும் வரலாற்றையும் வைத்தே விடை சொல்லியிருக்கிறேன்.

மனிதநேயம் என்பது நாத்திகத்துக்கு இன்னொரு பெயரா?

இல்லை. பேச்சுவழக்கில் மனிதநேயம் என்றால் இரக்கம், பிறருக்கு உதவும் குணம் என்று பொருள்கொள்கிறோம். இங்கே அது ஒரு நிலைப்பாட்டைக் குறிக்கிறது: நன்மை தீமையை மனிதரின் வாழ்வையும் துன்பத்தையும் கண்ணியத்தையும் கொண்டு அளக்க வேண்டும், அந்த அளவை யாரும் கேள்வி கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அந்த நிலைப்பாடு. நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். ஆனால் நம்பிக்கையுள்ள ஒருவரும் இதை முழு மனத்தோடு ஏற்கலாம். 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய இராமலிங்க அடிகள், பசித்து வருபவரிடம் சாதியையும் சமயத்தையும் கேட்கக் கூடாது என்றார். அவர் இறைவனை உருகிப் பாடியவர். ஆனாலும் இலை போடும்போது அவர் பார்த்தது பசியை மட்டும்தான்.

இந்திய அரசியலமைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைச் சொல்லும் 51ஏ பிரிவின் (எச்) உட்பிரிவு, அறிவியல் மனப்பான்மை, மனிதநேயம், ஆராய்ந்து பார்க்கும் உணர்வு, சீர்திருத்த உணர்வு ஆகியவற்றை வளர்ப்பது ஒவ்வொருவரின் கடமை என்கிறது.

‘மதச்சார்பற்ற’ என்ற சொல் 1976இல்தானே முகவுரையில் சேர்க்கப்பட்டது? அதை எழுதியவர்கள் அப்படி ஒரு நாட்டை எண்ணவே இல்லையே?

சொல் 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழியாக வந்தது என்பது உண்மை. கருத்தும் அப்போதுதான் வந்தது என்பது உண்மையில்லை. அரசியல் நிர்ணய சபையில் 1949 அக்டோபர் 17 அன்று நடந்ததைப் படித்தால் இது தெளிவாகும்.

முகவுரை கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச். வி. காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். காமாக்யா கோயில் இருக்கும் அசாமிலிருந்து வந்த ரோகிணி குமார் சௌத்ரி, கடவுள் என்று சொன்னால் போதாது, தேவியையும் சேர்க்க வேண்டும் என்றார். அரசு ஒரு கடவுளைப் பெயர் சொல்லி அழைக்க முற்பட்ட சில நிமிடங்களிலேயே, எந்தக் கடவுள் என்ற கேள்வி எழுந்துவிட்டது. கடவுளை வாக்கெடுப்புக்கு விடும் சங்கடத்தைத் தங்களுக்குத் தர வேண்டாம் என்று பூர்ணிமா பானர்ஜி வேண்டிக்கொண்டார். திருவிதாங்கூரைச் சேர்ந்த பட்டம் தாணுப் பிள்ளை, தாம் நம்பிக்கையுள்ளவர் என்று சொல்லிவிட்டே எதிர்த்தார்; நம்பிக்கை விஷயத்தில் அது கட்டாயப்படுத்துவதாகும் என்பது அவர் வாதம். நம்பிக்கைக்கும் வழிபாட்டுக்கும் சுதந்திரம் தருவதாக அதே முகவுரையில் எழுதிவிட்டு இதையும் எழுதுவது முரண் என்றார் குன்ஸ்ரு. காமத் விடவில்லை. வாக்கெடுப்பில் ஆதரவு 41, எதிர்ப்பு 68.

எதிர்த்த 68 பேரும் நாத்திகர்களாக இருந்திருக்க வாய்ப்பே இல்லை. மதச்சார்பின்மையை இறைமறுப்பாளர்களின் திணிப்பாகச் சித்திரிப்பவர்களுக்கு இந்த வாக்கெடுப்பே போதிய மறுமொழி.

எல்லா மதங்களையும் சமமாக நடத்தினால் போதாதா?

மதங்களுக்கு இடையே அது நியாயம் செய்யும். ஒரு மதத்துக்கு உள்ளே இருக்கும் தனி மனிதருக்கு அது எதுவும் செய்வதில்லை. மதங்களைச் சமமாக நடத்துவது என்பது நடைமுறையில் அவற்றின் தலைவர்களைச் சமமாக நடத்துவதாகவே முடிகிறது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். சமூகத்திலிருந்து ஒருவரை விலக்கிவைப்பதைத் தடுக்கும் சட்டத்தைப் பம்பாய் மாகாணம் 1949இல் இயற்றியது. தாவூதி போரா முஸ்லிம்களின் தலைமைகுருவாக இருந்த சையத்னா அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அந்தச் சமூகத்தில் விலக்கப்பட்டவர் பள்ளிவாசலுக்குள் நுழைய முடியாது. இறந்தால் சமூகத்தின் இடுகாட்டில் அடக்கம் கிடையாது. 1962இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டத்தைச் செல்லாது என்றது. விலக்கிவைக்கும் அதிகாரம் மதப் பிரிவின் உரிமையைச் சேர்ந்தது என்பது பெரும்பான்மையின் கருத்து. தலைமை நீதிபதி பி. பி. சின்கா மட்டும், விலக்கப்பட்டவர் தம் சொந்த மக்களிடையே தீண்டத்தகாதவர்போல் ஆக்கப்படுகிறார் என்பதை எடுத்துக்காட்டி மாறுபட்டார். அவர் பார்த்தது விலக்கப்பட்ட மனிதரை. மற்ற நால்வரும் பார்த்தது விலக்கும் அமைப்பை. நம் ஊர்களில் ஊர்விலக்கு என்றால் என்ன என்று அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

மத நூலைப் பார்த்து நீதிமன்றம் முற்போக்கான தீர்ப்பே தந்தாலும் தவறா?

தீர்ப்பை வரவேற்கலாம், அது வந்த வழி கவலைக்குரியது. 1954இல் சிரூர் மடம் வழக்கில் இது தொடங்கியது. உடுப்பியில் உள்ள அந்த மடம் அப்போது சென்னை மாகாணத்துக்குள் இருந்தது; 1951ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தை மடாதிபதி எதிர்த்திருந்தார். ஒரு மதத்தின் இன்றியமையாத பகுதி எது என்பதை அந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மதத்தின் தன்னாட்சியைக் காக்கவே அப்படிச் சொன்னார்கள். ஆனால் அன்றுமுதல் நீதிபதிகள் ஆகமங்களையும் குர்ஆனையும் புராணங்களையும் புரட்டி, எது உண்மையான மதம், எது பிற்சேர்க்கை என்று தீர்ப்புச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

இதன் விளைவைத் தமிழ்நாட்டில் அர்ச்சகர் வேலைக்குக் காத்திருந்தவர்கள் அனுபவித்தார்கள். அர்ச்சகர் பதவியின் பரம்பரை உரிமையை நீக்கிய தமிழ்நாட்டுச் சட்டத்தை 1972இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது; நியமனம் என்பது உலகியல் செயல் என்றது. ஆனால் இன்ன பிரிவினர்தான் திருமேனியைத் தொடலாம் என்று ஆகமம் சொன்னால் அது நிற்கும் என்றும் சொன்னது. ஒரு கையால் கொடுத்ததை மறு கை எடுத்துக்கொண்டது. 2006இல் தமிழ்நாடு அரசு அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று ஆணையிட்டுப் பயிற்சிப் பள்ளிகளையும் தொடங்கியது. மந்திரங்களைக் கற்று, தீட்சை பெற்று, சான்றிதழோடு வெளியே வந்த இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். 2015 டிசம்பரில் வந்த தீர்ப்பு, அந்தந்தக் கோயிலின் ஆகமத்தைப் பார்த்துத் தனித்தனியாக முடிவுசெய்யச் சொன்னது. பயிற்சி முடித்தவர்களில் 24 பேருக்கு 2021 ஆகஸ்டில்தான் நியமன ஆணை கிடைத்தது. இருபத்தைந்து வயதில் படித்தவர் நாற்பதை நெருங்கும்போது வேலைக்குப் போகிறார். ஆகமத்தில் என்ன இருக்கிறது என்ற ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்த காலம் முழுவதும், பிறப்பின் காரணமாக ஒருவரைத் தகுதியற்றவர் எனலாமா என்ற நேர்க்கேள்விக்கு விடை தள்ளிப்போடப்பட்டது.

சபரிமலை வழக்கிலும் இதே சிக்கல்தான். 10 முதல் 50 வயது வரையிலான பெண்களைத் தடுப்பது செல்லாது என்று 2018 செப்டம்பர் 28 அன்று நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஐந்தாவது நீதிபதியான இந்து மல்கோத்ரா மாறுபட்டார். அந்த நால்வரில் ஒருவரான சந்திரசூட், ஒரு வழக்கம் மதத்துக்கு இன்றியமையாததா என்று தேடுவதை விட்டுவிட்டு, அது மனிதரை விலக்கி அவருடைய கண்ணியத்தைக் குலைக்கிறதா என்று கேட்கலாம் என எழுதினார். நான் இங்கே சொல்ல வருவதும் அதைத்தான். அடுத்த ஆண்டே மறுஆய்வு மனுக்களை ஒட்டி, மத உரிமை பற்றிய பொதுவான கேள்விகள் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன.

முத்தலாக் வழக்கையும் பாருங்கள். 2017இல் ஐந்து நீதிபதிகளில் மூவர் அதைச் செல்லாது என்றனர். அவர்களில் இருவர் அது தன்னிச்சையானது, சமத்துவத்துக்கு எதிரானது என்று காரணம் சொன்னார்கள். மூன்றாமவரான குரியன் ஜோசப், குர்ஆன் தவறு என்பதை ஷரியத் சரி என்று சொல்ல முடியாது என்று காரணம் சொன்னார். அவர் குர்ஆனை வேறு விதமாகப் படித்திருந்தால் கணக்கு இரண்டுக்கு மூன்றாகியிருக்கும். லட்சக்கணக்கான பெண்களின் வாழ்க்கை ஒரு நீதிபதியின் மறைநூல் வாசிப்பில் தொங்கியிருக்கிறது.

ஷா பானு வழக்கில் உண்மையில் என்ன நடந்தது?

இந்தூரைச் சேர்ந்த ஷா பானு 1932இல் ஒரு வழக்கறிஞரை மணந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பிறகு வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்ட பின் 1978இல் கணவர் தலாக் சொன்னார். கீழ் நீதிமன்றம் அவருக்கு மாதம் 25 ரூபாய் தந்தது. உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. இந்தத் தொகையை எதிர்த்துத்தான் கணவர் உச்ச நீதிமன்றம் வரை போனார்.

1985 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் ஷா பானுவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். ஆதரவற்ற மனைவிக்கு ஜீவனாம்சம் தரும், அப்போதைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு எல்லா மதத்தினருக்கும் பொதுவானது என்பதோடு நிறுத்தியிருக்கலாம். தீர்ப்பு அதற்கும் மேலே போய்க் குர்ஆன் வசனங்களை எடுத்து விளக்கியது. ஒரு மூதாட்டியின் வயிற்றுப்பாடு பற்றிய வழக்கு, குர்ஆனுக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்ற சண்டையாக மாற அது வழிவிட்டது. உலமாக்கள் எனப்படும் இஸ்லாமிய மத அறிஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். ராஜீவ் காந்தி அரசு 1986இல் முஸ்லிம் பெண்கள் சட்டத்தைக் கொண்டுவந்து தீர்ப்பின் பயனை முறிக்கப் பார்த்தது. அதே ஆண்டு பிப்ரவரி 1 அன்று அயோத்தியில் பாபர் மசூதி வளாகத்தின் பூட்டு நீதிமன்ற ஆணையின்பேரில் திறக்கப்பட்டது. ஒரு தரப்பின் மதத் தலைவர்களுக்கு ஒன்று, மறுதரப்பின் தலைவர்களுக்கு ஒன்று என்று நாடே அதைப் புரிந்துகொண்டது; அதன் விலையை 1992க்குப் பின் கொடுத்தோம்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. தமக்குச் சாதகமாக வந்த தீர்ப்பை ஏற்கவில்லை என்று ஷா பானுவே அறிக்கை விட நேர்ந்தது. சொந்தச் சமூகத்தின் நெருக்குதலைத் தனியாகத் தாங்கும்படி எழுபது வயதை எட்டிய ஒருவரை விட்டுவிட்டோம். 125ஆவது பிரிவு முஸ்லிம் பெண்களுக்கும் பொருந்தும் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொன்னது.

அப்படியானால் பொது உரிமையியல் சட்டம்தான் தீர்வா?

எல்லா மதப் பெண்களுக்கும் சமமான சொத்துரிமை, மணவிலக்கு உரிமை, ஜீவனாம்சம் தரும் சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பெயரைப் பார்த்து ஆதரிக்க முடியாது. உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டும். உத்தராகண்டில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், மணமாகாமல் சேர்ந்து வாழும் இருவர் அரசிடம் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. மதத் தலைவரின் கண்காணிப்பிலிருந்து மீட்டு அரசு அலுவலரின் கண்காணிப்பில் விடுவது விடுதலை ஆகாது.

அரசு மதத்தை வரையறுக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும்?

பாகிஸ்தான் அதைக் கடைசிவரை செய்து பார்த்தது. காமத்தின் திருத்தம் தோற்ற அதே 1949இல், மார்ச் மாதம், இறையாண்மை அல்லாவுக்கே உரியது என்ற குறிக்கோள் தீர்மானத்தைப் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபை நிறைவேற்றியது. நான்கு ஆண்டுகளில் பஞ்சாபில், தம்மை முஸ்லிம்கள் என்றே கருதும் அகமதியா பிரிவினருக்கு எதிரான கலவரம் வெடித்தது. அதை விசாரித்த நீதிபதி முனீரின் ஆணையம், முஸ்லிம் என்பவர் யார் என்று உலமாக்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டது. இருவர்கூட ஒரே விளக்கத்தைத் தரவில்லை என்று 1954இல் வெளிவந்த அறிக்கை பதிவுசெய்தது. எச்சரிக்கை எழுத்தில் இருந்தும், 1974இல் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தி அகமதியாக்களை முஸ்லிம் அல்லாதவர்கள் என்று அறிவித்தது. ஒரு மனிதர் தம்மை என்னவென்று நம்புகிறார் என்பதைப் பெரும்பான்மை வாக்கில் முடிவுசெய்துவிட்டார்கள்.

இலங்கையில் 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஒன்பதாம் உறுப்புரையிலும் அது தொடர்கிறது. மற்ற மதத்தினரின் உரிமை காக்கப்படும் என்றும் அதே உறுப்புரை சொல்கிறது. முதன்மை இடம் ஒருவருக்கு என்று எழுதிய பிறகு எஞ்சியவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை அங்குள்ள தமிழர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் கோயில்களை அரசு நிர்வகிக்கிறது. இது மதச்சார்பின்மைக்கு முரண் இல்லையா?

நியாயமான கேள்வி. இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்களும் மடங்களும் உள்ளன. வழிபாட்டு முறையில் துறை தலையிடக் கூடாது. அமைச்சர்கள் குடமுழுக்கு மேடைகளில் அரசின் முகமாக நிற்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கோயில் நிலமும் உண்டியலும் பொதுமக்கள் தந்தவை. இவற்றைச் சில குடும்பங்கள் தம் சொத்துப்போல ஆண்டதால்தான் 1920களில் நீதிக்கட்சி ஆட்சி முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. எனவே கணக்குத் தணிக்கையும் நுழைவுரிமையும் அரசின் பொறுப்பில் இருக்க வேண்டும். மற்றவற்றை விட்டு அரசு படிப்படியாக விலகலாம். எந்த மதத்தின் பொதுச் சொத்துக்கும் இதே அளவுகோல் வேண்டும்.

மதம் சமூகத்துக்கு நன்மையே செய்யவில்லையா?

செய்திருக்கிறது. 1939 ஜூலை 8 அன்று ஒடுக்கப்பட்ட மக்களை மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்ற வைத்தியநாத ஐயர் பக்தர்தான். எதிர்த்தவர்களும் பக்தர்கள்தாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரு தரப்புக்கும் சாத்திரத்தில் சான்று கிடைத்தது. கோயிலில் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி 1920களின் இறுதியில் சென்னைச் சட்டமன்றத்தில் போராடத் தொடங்கியபோது, அது கலையின் பெயராலும் மரபின் பெயராலும் எதிர்க்கப்பட்டது. முழுமையான தடைச் சட்டம் 1947இல்தான் வந்தது. நல்லதைச் செய்தவர்கள் முதலில் எதிரே நின்ற மனிதரின் நிலையைக் கண்டார்கள். சான்றுகளைப் பிறகு தேடினார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தேர்தலில் மதத்தின் பெயரால் வாக்குக் கேட்கலாமா?

கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு அதை முறைகேடு என்கிறது. வேட்பாளரின் மதம் மட்டுமல்லாமல் வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தார்கள். சட்டம் தெளிவாக இருக்கிறது. அதைச் செயல்படுத்தும் துணிவுதான் குறைவு.

மதத்தை விமர்சித்தால் சட்டப்படி குற்றமா?

விமர்சனம் குற்றமில்லை. மத உணர்வைப் புண்படுத்தும் உள்நோக்கத்தோடு வேண்டுமென்றே இழிவுபடுத்துவது குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1927இல் 295ஏ என்று சேர்க்கப்பட்ட இந்தப் பிரிவு, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆக உள்ளது. உள்நோக்கம் வேண்டும் என்ற நிபந்தனை இருந்தாலும், வழக்குப் பதிவானாலே எழுதியவர் ஊர் ஊராக நீதிமன்றத்துக்கு அலைய நேரும். அந்த அலைச்சலே தண்டனையாகிவிடுகிறது.

உயிரையே இழந்தவர்களும் உண்டு. மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்புக்காக உழைத்த மருத்துவர் நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலை நடைக்குச் சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். நரபலியையும் பில்லிசூனிய மோசடிகளையும் தடுக்கும் ஒரு சட்டத்துக்காக அவர் பல ஆண்டுகள் மன்றாடிவந்தார். அவர் இறந்த சில நாட்களில் அந்த மாநில அரசு அதை அவசரச் சட்டமாகப் பிறப்பித்தது. அவர் உயிரோடு இருந்தபோதே அதைச் செய்திருக்கலாம்.

மதச் சடங்கு இல்லாமல் திருமணம் செய்துகொள்ள முடியுமா?

முடியும். தமிழ்நாட்டில் இருவழிகள் உள்ளன. முதலாவது சுயமரியாதைத் திருமணம். 1920களின் இறுதியிலிருந்தே இத்தகைய திருமணங்கள் நடந்தன. ஆனால் சடங்கு இல்லாததால் 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு திருமணத்தைச் செல்லாது என்றது. அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, முன்பு நடந்தவையும் செல்லுபடியாக்கப்பட்டன. உறவினரோ நண்பரோ பார்த்திருக்க, ஒருவரை ஒருவர் துணையாக ஏற்கிறோம் என்று இருவரும் தமக்குப் புரியும் மொழியில் சொல்லி, மாலை மாற்றினாலே போதும். புரோகிதர் வேண்டியதில்லை; அக்கினியும் வேண்டியதில்லை. உலகின் எந்த மனிதநேயச் சட்டத்தோடும் தோள் சேர்ந்து நிற்கும் பிரிவு இது.

சட்டப்படி இந்துக்கள் எனப்படும் இருவருக்கே இது பொருந்தும். வெவ்வேறு மதத்தினர் என்றால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு முள் இருக்கிறது. திருமணம் செய்யப்போவதாக முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அலுவலர் அதை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுவார். ஆட்சேபத்துக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும்.

நண்பர் ஒருவருக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடப் போனபோது அந்தப் பலகையை நான் பார்த்திருக்கிறேன். பத்திரப் பதிவுக்கு வந்தவர்கள் வரிசையில் நின்ற நடைவழியில், வில்லங்கச் சான்றுக் கட்டண விவரத்துக்குப் பக்கத்தில், அந்த இருவரின் பெயர், வயது, தொழில், வீட்டு முகவரி அடங்கிய தாள் ஒட்டப்பட்டிருந்தது. வரிசையில் நின்ற ஒருவர் அதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தார். எதற்கென்று அவரிடம் கேட்டேன். தெரிந்தவர் வீட்டுப் பெண் என்றார். அந்த மாதம் முழுவதும் அவள் அலுவலகத்துக்குத் தோழியின் வீட்டிலிருந்தே போய்வந்தாள். ஒரே மதத்துக்குள் மணப்பவர்களிடம் கேட்கப்படாத இந்த விலை இவர்களிடம் மட்டும் கேட்கப்படுகிறது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021இல், அறிவிப்பை வெளியிடுவதா வேண்டாமா என்பதை இணையரின் விருப்பத்துக்கு விட்டது. சட்டத்தையே திருத்தி நாடு முழுவதும் இந்த ஒட்டும் வேலையை நிறுத்த வேண்டும்.

குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போது மதம் இல்லை என்று எழுதலாமா?

தமிழ்நாட்டில் எழுதலாம். விரும்பும் பெற்றோர் சாதியும் மதமும் இல்லை என்று குறிப்பிடவோ, அந்த இடத்தை வெறுமையாக விடவோ 1973இலேயே அரசாணை வந்துவிட்டது. சேர்க்கைப் பிரிவில் இருப்பவர் அறியாமல் மறுக்கக்கூடும் என்பதால் ஆணையின் நகலைக் கையோடு கொண்டுபோவது நல்லது. ஆனால் ஒன்றை யோசித்துச் செய்யுங்கள்: இடஒதுக்கீடு பெறச் சாதிச் சான்றிதழ் வேண்டும். தலைமுறைகளாக மறுக்கப்பட்ட படிப்பை இப்போதுதான் எட்டிப்பிடிக்கும் குடும்பத்தினர், கொள்கைக்காகப் பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. அவர்களிடம் அந்தத் தியாகத்தைக் கேட்கும் தகுதி எனக்கும் இல்லை, இந்த அரசுக்கும் இல்லை.